காசிமேட்டுக்குப் பழகாத அலை

சென்னை ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மூத்த கடலோடிகள் காற்றின் போக்கையும் நீரின் நிறத்தையும் பார்த்த மாத்திரத்தில் வலைபோட இடம் தேர்கிறார்கள். காரணத்தை அடுக்கிச் சொல்வதற்கு முன்பே மனம் எட்டிவிடும் இத்தகைய முடிவையே உளவியலாளர் உள்ளுணர்வு என்கின்றனர். அதை எப்போது நம்பலாம் என்பதில் எதிரெதிர் ஆய்வு மரபுகளைச் சேர்ந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் கூட்டாக எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளை ஏற்றனர்: சூழல் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும், கணிப்பு பலித்ததா பிழைத்ததா என்பதை உடனுக்குடன் அறிந்து, அந்த ஒழுங்கை நெடுநாள் பயிலவும் வாய்ப்பு வேண்டும். வலையில் மீன் விழுந்ததா என்பது அன்றன்றே தெரிந்துவிடுவதால் கடலோடிக்கு இரண்டும் வாய்க்கின்றன. ஒருவர் தம் கணிப்பில் கொண்டிருக்கும் உறுதி அதன் சரித்தன்மைக்குச் சான்றாகாது என்றும் அவர்கள் எழுதினர். வல்லுநர்கள் விரும்பிக் கேட்கும் செய்தி அன்று அது.

சுனாமி இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் வெளியே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடல்தரை உயர்ந்ததால் கிளம்பிய அலை, ஆழ்கடலில் விமான வேகத்தில் விரைந்தபோதும், செயற்கைக்கோள் அளவீட்டின்படி அதன் உயரம் சுமார் 60 செ.மீ. மட்டுமே, அதுவும் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்குப் பரவியிருந்ததால், அங்கே படகில் இருப்பவருக்கு அது அலையாகவே தெரிய வழியில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அது சென்னைக் கரையை எட்டியது. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் சுனாமியையும் சென்னையின் ஓதமானி, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதியும் கருவி, பதிவு செய்திருந்தது. ஆனால் ஒரு மீட்டருக்கும் குறைந்த அந்த அலை, குப்பங்களின் நினைவில் தலைமுறை தாண்டித் தங்கும் அளவுக்குப் பெரிதன்று.

ஒருமுறை பட்டபின் உள்ளுணர்வு தேறிவிடும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கிச் சென்னைக் கட்டடங்களும் ஆட, கடற்கரையிலிருந்து மக்கள் அகற்றப்பட்டனர், பேரலை வரவில்லை. பாறைத்தட்டுகள் அம்முறை பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தனவே தவிர, நீரை மேலே தள்ளும்படி உயரவில்லை என்பதே காரணம். 2004-இலும் சென்னையில் நடுக்கம் உணரப்பட்டது. கரையில் நிற்பவரின் காலுக்கு இரண்டும் நடுக்கமே. 2007-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட சுனாமி முன்னெச்சரிக்கை மையம், நடுக்கத்தின் அளவையும் இடத்தையும் கொண்டு முதல் எச்சரிக்கையை விடுத்தாலும், கடலடி அழுத்தமானிகளும் ஓதமானிகளும் நீர்மட்டத்தைக் காட்டிய பிறகே அதை உறுதிசெய்கிறது, அல்லது விலக்கிக்கொள்கிறது.