மாற்றிய வண்டிக்கு யோசனை

“அண்ணே, அம்பாசடர் சூடு ஏறுது. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுறவா?”

சித்திரை வெயில் ஏறியதும் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே இந்தக் கேள்வி கிளம்பிவிடும். மதுரையில், வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையை ஒட்டியிருக்கும் விளாங்குடியில் கேட்டாலும் சரி, பரவையில் கேட்டாலும் சரி, பதிலுக்குப் பஞ்சமிருக்காது. ஒருவர் கழற்றச் சொல்வார், இன்னொருவர் பெரிய ஃபேன் போடச் சொல்வார், மூன்றாமவர் ரேடியேட்டரைப் பிரித்துக் கழுவச் சொல்வார். ஒவ்வொருவரும் தம் வண்டியில் பலித்ததை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டவரின் வண்டி பெயருக்கு மட்டும்தான் அம்பாசடர். உள்ளே இருப்பது வேறு இன்ஜின், வேறொரு காரின் ரேடியேட்டர், தனியாக வாங்கி மாட்டிய மின்சார ஃபேன்.

தெர்மோஸ்டாட், இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் சின்ன வால்வு. அதன் வயிற்றில் மெழுகு இருக்கும். ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸில் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். சில இன்ஜின்களில் இதே வால்வு இன்னொரு வேலையும் செய்கிறது: ரேடியேட்டர் வழி திறக்கும்போது, தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அது அடைக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும், சூடு இன்னும் ஏறும். குறுக்கு வழி அடைப்பு இல்லாத இன்ஜினில் கழற்றினால் பெரிய கெடுதல் உடனே தெரியாது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். ஆக, ஒரே யோசனை ஒரு வண்டியை ஓட வைக்கும், இன்னொன்றின் ஹெட் கேஸ்கெட்டைத் தின்றுவிடும்.

கம்பெனி விட்டபடியே ஓடும் வண்டிக்கு யோசனை சொல்வது எளிது. அம்பாசடர் 1957-லிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. அதன் பழைய 1489 சிசி இன்ஜினுக்கு நாடெங்கும் ஒரே மருத்துவம்தான். சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் அப்படியே. உரிமையாளர் தன் ரசனைக்கு மாற்றத் தொடங்கியதும் அந்த வண்டி உலகில் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. அதற்கென்று அச்சடித்த கையேடு கிடையாது.

மோட்டார் பந்தயத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது. அந்த வகைப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்ஜின், ஒரே மாதிரி சட்டகம். ஒருவர் கண்டுபிடித்த டயர் காற்றழுத்தம் அடுத்தவருக்கும் ஏறத்தாழ ஒத்துவரும். வீட்டுக் கொட்டகையில் உருவான வண்டிக்கு அந்த வசதி இல்லை.

மதுரைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தது. இந்த வகைக் கருவியில் கரி குறைந்த காற்றில் எரிந்து, கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். இன்ஜின் அதில் ஓடும். வாயுவில் பாதியளவு எரியாத நைட்ரஜன் என்பதால் இழுவை குறையும். அது பெட்ரோலைவிட மெதுவாக எரிவதால் ஸ்பார்க்கை இன்னும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் பல வருடம் கைபழகிய மெக்கானிக்கின் டைமிங் கணக்கு இங்கே செல்லாது. மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டால் வாயுக் கசிவு ஆளையே கொன்றுவிடும் என்பதையும் அவர் புதிதாகக் கற்றாக வேண்டும். திறமை குறைந்துபோகவில்லை, வண்டிதான் வேறாகிவிட்டது.

கேள்வியை வாங்கியதும் பதிலை எடுக்காமல் எதிர்க்கேள்வி கேட்பவரையே நான் நம்புவேன். என்ன இன்ஜின், எந்த மாடலிலிருந்து வந்தது, யார் ஏற்றினார்கள், போல்ட் என்ன அளவு?

போல்ட் அளவெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றலாம். பழைய அம்பாசடர் பிரிட்டிஷ் வடிவமைப்பு, அதன் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஏற்றிய 1.8 லிட்டர் இஸுஸு இன்ஜின் ஜப்பானியது, மில்லிமீட்டர் கணக்கு. அந்த இன்ஜினைப் பழைய பாடியில் இறக்கிய வண்டியில் இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதில் உட்காரும், இறுக்கும்போது வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும். அதைவிட மோசம் மரை. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் துளையில் முதல் ஓரிரு சுற்று போய்விடும். மரை இடைவெளி ஒன்றில் 1.06, மற்றொன்றில் 1.25 மில்லிமீட்டர். “கொஞ்சம் டைட்டா இருக்கு, பலமா முடுக்கு” என்று போனில் சொல்லிவிட்டால் அலுமினிய மரை சீவிக்கொண்டு வந்துவிடும்.

எர்த் இன்னும் நுட்பமானது. இப்போதைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில். அப்படிப்பட்ட வண்டிக்கு மின்சார ஃபேன் வாங்கி, “கறுப்பு வயரை பாடியில் கொடு, சிவப்பை ஸ்விட்சுக்கு இழு” என்று பழக்கத்தில் சொன்னால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றும் ஃபேன் தள்ளும் காற்றும் மோதிக்கொள்ளும். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரிவதால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பழி தெர்மோஸ்டாட் மேல் விழும். ரேடியேட்டர் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தாலே விஷயம் தெரிந்துவிடும்: காகிதம் ஒட்டிக்கொண்டால் காற்று சரியான பக்கம் போகிறது.

சில யோசனைகள் உடனே கெடுக்காது, பிறகு எரிக்கும். இரவில் வெளிச்சம் போதவில்லை என்பவருக்கு 100 வாட்ஸ் பல்ப் போடச் சொல்வது அந்த வகை. 60 வாட்ஸ் பல்ப் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் போகும். 100 வாட்ஸ் இரண்டுக்கு 16.7 ஆம்பியர். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதால் அது ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடும். ஃபியூஸ் போனதும் அடுத்தவர் சொல்வார்: “பெரிய ஃபியூஸா போட்டுரு மாப்ள.” ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. பெரிய ஃபியூஸ் போட்ட பிறகு முதலில் உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் பழைய வயரின் உறை. நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் சட்டம் அனுமதிக்கும் வாட்ஸிலேயே பல்பை வைத்து, ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து தடித்த வயரை நேராக இழுப்பதுதான் வழி. பழைய ஸ்விட்சிலும் நைந்த இணைப்பிலும் தொலைந்த வோல்ட் திரும்பக் கிடைக்கும்.

டயரில் கணக்குப் போட்டே பேசலாம். மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயரின் விட்டம் 508 மில்லிமீட்டர். அழகுக்காக 155/65 ஆர்13 போட்டால் 532. வித்தியாசம் 4.7 சதவீதம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்குப் பக்கத்தில் போகும், இழுவையும் அதே அளவு குறையும். “டயர் மாத்துனதுலேர்ந்து பிக்கப் இல்லண்ணே” என்று கேட்பவர் டயரைச் சொல்லிவிடுகிறார், நல்லது. பலர் சொல்வதில்லை. செலவழித்துச் செய்த மாற்றமே காரணமாக இருக்கும் என்று நினைக்க மனம் வராது. கார்புரேட்டரைப் பற்றி மட்டும் கேட்பார்கள். மனிதரைப் புரிந்துகொள்ளாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. “நீ செஞ்சது தப்பு” என்று தொடங்கினால் தம்பி வாயை மூடிக்கொள்வான், மீதி விவரம் வராது. “கடைசியா நல்லா ஓடுனது எப்ப? அதுக்கப்புறம் என்னென்ன மாத்துன?” என்று கேட்டால் எல்லாம் தானாக வெளியே வரும்.

சத்தத்தைப் போனில் விவரிப்பது தனிக் கஷ்டம். ஒருவருடைய ‘டக்டக்’ இன்னொருவருக்கு ‘கடகட’. அங்கே ஒரு உதவி இருக்கிறது: கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். தட்டும் வேகம் இன்ஜின் சுற்றில் பாதி என்றால் டேப்பட் பக்கம் தேடலாம். பிளக் வயரை ஒவ்வொன்றாக விலக்கி எர்த்தில் கொடுக்கும்போது தட்டு அடங்கினால் கீழே பேரிங் மீது சந்தேகம் போகும். அதன் பிறகு வண்டியை ஓட்டாதே என்று மட்டும்தான் சொல்வேன்.

எனக்குக் கடினமான இடம் பிரேக்கும் ஸ்டியரிங்கும். பெரிய இன்ஜின் கேட்பவர் பிரேக்கைப் பற்றிக் கேட்பது அரிது. 60-இல் போகும் வண்டி 80-இல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.78 மடங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் இருக்கும் காருக்கு அது தாங்காது. அருகில் நின்று பார்க்காமல் இதில் யோசனை சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தவறினால் அடிபடுவது கேட்டவர் மட்டுமல்ல, விளாங்குடிச் சாலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் யாரோ ஒருவரும்தான். சட்டமும் இங்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அமைப்புக்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி வேண்டும். யோசனை சொல்பவர் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பணம் போட்ட பிறகு அல்ல.

வண்டியிலேயே ஒரு நோட்டு இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும். இன்ஜின் எந்த மாடல், எந்த வருடம், எர்த் பாசிட்டிவா நெகட்டிவா, எந்தப் பகுதியில் அங்குல போல்ட், எங்கே மில்லிமீட்டர், கார்புரேட்டர் ஜெட் எண், டயர் அளவு, ஒவ்வொரு மாற்றத்தின் தேதி. செய்து பார்த்துப் பலிக்காதவையும் அதில் இருக்க வேண்டும். யோசனை கேட்டவர்கள் வண்டி சரியானதும் போன் பண்ண மறந்துவிடுகிறார்கள். எது பலித்தது என்று தெரியாமலே அடுத்தவருக்கும் அதையே சொல்ல வேண்டியதாகிறது. அந்த ஒரு போனையும் நோட்டில் எழுதி வைத்துப் பண்ணிவிடுங்கள்.