தொட்டு அறிந்த யந்திரம்

நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர், தாம் விரும்பிய வேகத்தை ஒரு பொத்தானால் நிலைநிறுத்திவிட்டுக் காலை மிதியிலிருந்து எடுத்து இளைப்பாறும் வசதியை ‘குரூஸ் கன்ட்ரோல்’ என்ற பெயரால் இன்று பலரும் அறிவார்கள். ஆனால் அதனைச் சிருஷ்டித்த ரால்ப் டீட்டர் என்ற அமெரிக்கர், சிறு பிராயத்திலேயே இரு கண்களின் பார்வையையும் இழந்தவர் என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்தியானா மாகாணத்தில் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு பிறந்த டீட்டர், ஐந்து வயதில் கத்தி ஒன்றைக் கையாண்டபோது அதன் முனை ஒரு கண்ணில் பாய்ந்துவிட்டது. ஒரு கண்ணில் நேர்ந்த காயம் மற்றக் கண்ணையும் பற்றுகிற விபரீதம் ஒன்று வைத்திய சாஸ்திரத்தில் உண்டு. காயமுற்ற கண்ணின் திசுக்களைப் பகையென்று எண்ணி எதிர்க்கத் தொடங்கும் உடலின் காப்புச் சக்தி, காயமே படாத மற்றொரு கண்ணிலுள்ள அதே வகைத் திசுக்களையும் தாக்கிவிடுகிறது. ஏறக்குறைய ஓராண்டுக்குள் சிறுவனுக்கு உலகம் முழுவதும் இருண்டது. எனினும் அவன் குடும்பத்தார், ரயில் பாதையைச் சோதிப்பவர்கள் ஏறிச் செல்லும் சிறு வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர்கள். கடைசல் யந்திரங்களுக்கும் இரும்புத் துண்டுகளுக்கும் நடுவே தடையின்றி வளர்ந்த அவன், பன்னிரண்டாம் வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனுடன் சேர்ந்து பெட்ரோலில் ஓடும் வண்டி ஒன்றைக் கட்டி ஓட விட்டான். பின்னர், பார்வையற்ற வாலிபனுக்குப் பொறியியல் எவ்வாறு கற்பிப்பது என்ற தயக்கத்தையெல்லாம் தாண்டிப் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் சேர்ந்து, 1912இல் யந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றான்.

அவருடைய கைகளின் மேன்மை உலகறிய வெளிப்பட்டது முதல் உலக மகா யுத்தத்தின்போதுதான். நியூஜெர்சியிலுள்ள காம்டன் நகரின் கப்பல் கட்டும் தளத்தில், டிஸ்ட்ராயர் என்னும் போர்க்கப்பல்களுக்கான நீராவி டர்பைன்களின் சுழலிகள் ஒரு பெரும் தொல்லையைக் கொடுத்தன. சுழலும் பொருளின் எடை அச்சைச் சுற்றி எள்ளளவும் ஏற்றத்தாழ்வின்றிப் பரவியிருக்க வேண்டும். ஒரு புறம் சிறிது கனத்தாலும், அந்த மிகை எடை வெளிநோக்கி இழுக்கும் விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகவும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகவும் பெருகி, தாங்கிகளை அரித்துக் கப்பலையே அதிர வைத்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத இந்தக் குறையைக் கண்டுபிடிக்கக் கண் எதற்கு உதவும்? அதிர்வு எங்கே எழுகிறது, எவ்வளவு எழுகிறது, எந்தப் பக்கத்தில் எத்துணை எடையைக் குறைத்தால் அது அடங்கும் என்பவற்றை உணரும் ஸ்பரிச ஞானம் டீட்டரிடம் இருந்தது. அதனைக் கணித அறிவோடு இணைத்து அச்சுழலிகளைச் சமன்படுத்தும் முறையை அவர் வகுத்துக் கொடுத்தார். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சின்மீதும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கோளாற்றைச் சொல்லும் பழுத்த மெக்கானிக்கைப் பார்த்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது.

அதன் பின்னர் குடும்பத் தொழிற்சாலை, ‘பெர்பெக்ட் சர்க்கிள்’ என்ற பெயரில் பிஸ்டன் ரிங்குகளுக்குப் புகழ் பெற்றது. டீட்டர் அதன் தலைவராக உயர்ந்தார். 1936இல் அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

காரில் எப்பொழுதும் பிரயாணியாகவே செல்ல நேர்ந்த அவருக்கு, ஓட்டுகிறவரின் குறை ஓட்டுகிறவரைக் காட்டிலும் நன்றாகத் தெரிந்தது. அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே ஓட்டும்போது பேசுகையில் வேகத்தைக் குறைப்பதும், கேட்கையில் கூட்டுவதுமாக இருந்தாராம். அந்தத் தள்ளாட்டம் டீட்டரின் உடம்பை வருத்தியது. அதற்கு ஒரு தீர்வு காண அவரைத் தூண்டியதற்கு இரண்டாம் உலக யுத்தமும் ஒரு காரணமாயிற்று. மலாயாவை ஜப்பான் பிடித்துக்கொண்டதனால், நம் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகப் பால் வடித்து வந்த அந்நாட்டுத் தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குக் கிட்டாமற்போக, டயர்களைக் காப்பதற்காக 1942இல் அங்கே மணிக்கு 35 மைல் என்ற வேக வரம்பு விதிக்கப்பட்டது. வரம்பை மீறாதிருக்க வேண்டுமானால் ஓட்டுகிறவர் சாலையையும் பார்த்து, வேகமானியின் முள்ளையும் பார்க்க வேண்டும்.

டீட்டர் வகுத்த உபாயம் வேறு. சக்கரங்களை இயக்கும் தண்டோடு இணைந்த சிறு எடைகள், வண்டி விரைய விரைய வெளிநோக்கி அகலும். ஓட்டுகிறவர் முன்பலகையில் குறித்துவைத்த வேகத்துக்கு ஏற்ப இறுகியிருக்கும் சுருள்வில் அவற்றை உள்நோக்கித் தடுக்கும். குறித்த வேகம் வந்தவுடன் எடைகளின் விசை வில்லை வென்றுவிட, எஞ்சினிலுள்ள வெற்றிடத்தின் உறிஞ்சும் சக்தியால் நகரும் ஒரு பிஸ்டன், ஆக்ஸிலரேட்டர் மிதியை எதிர்த்துத் தள்ளும். விளக்கு எரியவில்லை, மணி ஒலிக்கவில்லை; பாதத்துக்கு ஓர் அழுத்தம் மட்டும் தெரிகிறது. வேகத்தைக் கண்ணுக்குச் சொல்லாமல் காலுக்குச் சொல்லலாம் என்ற இந்த எண்ணம், வாழ்நாளெல்லாம் தொட்டே அறிந்த ஒருவருக்குத் தோன்றியது மிகவும் இயல்பு என்பது என் துணிபு. பின்னர், பிரேக்கைத் தொடும் வரையில் வேகத்தைத் தானே காக்கும் மின்காந்தப் பூட்டையும் அவர் சேர்த்தார்.

1950இல் இதற்குக் காப்புரிமை பெற்ற டீட்டர், இதனை ‘ஸ்பீடோஸ்டாட்’ என்று வழங்கினார். 1958ஆம் ஆண்டின் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி இதனை முதன்முதலில் பொருத்திற்று. பின்னர் காடிலாக் கார்களிலும் வந்தபோது இன்றைய பெயர் நிலைத்தது. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்ததும், சீரான வேகம் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பதை உணர்ந்து ஜனங்கள் இதனை விரும்பி வாங்கலாயினர். அதையும் கண்டபின், 1982இல், தம் 91ஆம் வயதில் டீட்டர் காலமானார்.

இந்தச் சாதனம் பொருத்திய காரில் நீங்கள் பிரயாணியாகச் செல்ல நேர்ந்தால், சாலை நேராக நீளும் இடத்தில் சில நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, ஏறாமலும் இறங்காமலும் ஒரே சுருதியில் இழையும் அந்த எஞ்சினின் ஓசையைக் கேட்டுப் பாருங்கள்.