வலையில் விழுந்த மீன் எந்த ஊர்?
துடுப்பில் ஒரு துண்டு போதும். பிறந்த இடம் தெரிந்துவிடும்!

கடலில் வலை போடுகிறார்கள். நூற்றுக்கணக்கில் மீன் விழுகிறது. எல்லாம் ஒரே வெள்ளி நிறம். அண்ணன் தம்பிகள் போல இருக்கின்றன. ஆனால், அவை ஒரே ஊர் மீன்கள் அல்ல. ஒன்று கடலுக்குச் சற்று அருகே உள்ள ஏரியில் பிறந்தது. இன்னொன்று 400 கிலோ மீட்டருக்கு அப்பால், மலைநாட்டு ஆற்றில் பிறந்தது.

எது எந்த ஊர் மீன்? இது வீண் கேள்வி அல்ல. ஒரு மீன் குலம் பிழைப்பதும் அழிவதும் இதில் அடங்கி இருக்கிறது.

பிறந்த வீடு மறக்காத மீன்

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் ஓடுவது பிரேசர் ஆறு. அதன் நீளம் சுமார் 1,375 கிலோ மீட்டர். அந்த ஆற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது "சாக்கை" என்ற சால்மன் மீன்.

ஆற்றின் கூழாங்கற்களுக்கு இடையே தாய் மீன் முட்டையிடுகிறது. குஞ்சுகள் பெரும்பாலும் ஓர் ஆண்டு ஏரியில் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகின்றன. ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் சுற்றித் திரிகின்றன. நாலாவது வயதில் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது! தண்ணீரின் வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டு, பிறந்த இடத்துக்கே திரும்பி வருகின்றன. உடல் சிவக்கிறது. முட்டையிடுகின்றன. அதோடு உயிரையும் விடுகின்றன.

கோடியும் கொஞ்சமும்

ஆடம்ஸ் என்ற கிளை ஆற்று மீன்கள் நாலு ஆண்டுக்கு ஒரு முறை பெருங்கூட்டமாக வரும். 2010-ம் ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டு பிரேசர் ஆற்றுக்குத் திரும்பிய சாக்கை மீன்கள் மொத்தம் சுமார் 2 கோடியே 80 லட்சம். அதற்கு முந்தின ஆண்டு வந்ததோ சுமார் 15 லட்சம்தான்!

கல்டஸ் ஏரி மீன்களின் கதை வேறு. அவை மிகச் சிறிய கூட்டம். ஆடம்ஸ் மீன்கள் வரும் அதே பருவத்தில், அதே கடல் வழியில், அவற்றோடு கலந்து வருகின்றன. பெரிய கூட்டத்துக்குப் போட்ட வலையில் இந்த ஏழைகளும் மாட்டிக்கொள்கின்றன. ஆடம்ஸ் கூட்டத்தில் பாதியைப் பிடித்தாலும் மீதி லட்சக்கணக்கில் இருக்கும். கல்டஸ் கூட்டத்தில் பாதி போனால் என்ன மிஞ்சும்?

2002-ல் கனடா நாட்டு நிபுணர் குழு, கல்டஸ் ஏரி சாக்கை அழியும் நிலையில் இருப்பதாக அறிவித்தது. சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க 2005-ல் அரசாங்கம் மறுத்துவிட்டது. சேர்த்தால் மீன்பிடித் தொழிலுக்கு ஏற்படும் நஷ்டம் தாங்க முடியாது என்பது காரணம். தொழிலாளிகளின் வயிறும் உண்மைதான். ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களுக்கும் சால்மன்தான் உணவு.

முகஜாடை காட்டிக் கொடுக்கிறது

வலை ஆள் பார்த்துப் பிடிக்காது. ஆகவே, எப்போது வலை போடலாம், எப்போது கூடாது என்று நாள் பார்க்க வேண்டும். அதற்கு, வரும் கூட்டத்தில் எந்த ஊர் மீன் எத்தனை பங்கு என்று தெரிய வேண்டும்.

முன்பு செதில்களைப் பார்த்தார்கள். மரத்தில் வளையம் இருப்பது போலச் செதிலிலும் வளையங்கள் உண்டு. குஞ்சு எந்த ஏரியில் வளர்ந்தது என்பதற்கு அது ஓரளவு அடையாளம். இப்போது அதற்குத் துணையாக டி.என்.ஏ. வந்துவிட்டது.

ஒரு கிராமத்தில் பல தலைமுறை உள்ளூரிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், ஊர் முழுவதும் ஒரு முகஜாடை படிந்துவிடும் அல்லவா? சால்மனும் அப்படியே. பிறந்த இடத்திலேயே ஜோடி சேர்வதால், ஒவ்வோர் ஆற்று மீனின் டி.என்.ஏ.விலும் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத முகஜாடை அது!

முதலில் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஏரிக்கும் போய், முட்டையிட வந்த மீன்களின் டி.என்.ஏ. அடையாளங்களைப் பதிவு செய்து வைத்தார்கள். பிறகு, பருவம் தொடங்கியதும் சோதனைப் படகுகள் கடலுக்குப் போகின்றன. பிடிபட்ட மீனின் துடுப்பில் சிறு துண்டு வெட்டி ஆராய்ச்சி சாலைக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. பல அடையாளங்களைச் சேர்த்துப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால், "இத்தனை பங்கு இந்த ஊர்" என்ற கணக்கு வந்துவிடுகிறது.

பிரேசர் ஆற்று மீனைக் கனடாக்காரரும் பிடிக்கிறார்கள், அமெரிக்கரும் பிடிக்கிறார்கள். 1985-ல் இரு நாடுகளும் சால்மன் ஒப்பந்தம் செய்துகொண்டன. மீன் வரும் காலத்தில் இரு நாட்டுக் குழு அடிக்கடி கூடி, இந்தக் கணக்கைப் பார்த்து மீன்பிடிப்பைத் திறக்கிறது; மூடுகிறது.

தட்டுப்படாத மீன்

ஆனால் ஒரு சங்கடம். ஆயிரத்தில் ஒரு மீன் கல்டஸ் மீன் என்று வைத்துக்கொள்வோம். 200 மீனைச் சோதித்தால் அதில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அகப்படவில்லை என்பதால் அது வரவில்லை என்று சொல்ல முடியுமா? அதனால், அந்த ஏரி மீன்கள் எந்த நாட்களில், யாரோடு சேர்ந்து வரும் என்ற பழைய அனுபவத்தையும் நிபுணர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள்.

கல்டஸ் ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையில் ஒரு தடுப்பு வேலி இருக்கிறது. 1920-களிலிருந்து அங்கே மீன்களை எண்ணி வருகிறார்கள். கடலில் எத்தனை வலைகளைத் தாண்டினாலும், ஊர் திரும்பும் மீன் அந்த வேலி வழியாகத்தான் ஏரிக்குள் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் அங்கே ஒவ்வொரு மீனும் கணக்கில் ஏறுகிறது.