விளக்கு எரியும் ஊரில் அடுப்பும் எரியட்டும்

2020 பிப்ரவரியில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நடைபெற்றது. நடிகர் விஜய் வேன் மீதேறி ரசிகர்களோடு எடுத்துக்கொண்ட படம் நாடெங்கும் பரவியது. படப்பிடிப்பை எதிர்த்த போராட்டமும் செய்தியாயிற்று. ஆனால் லைட்மேன், தச்சர், சமையற்காரர், ஓட்டுநர் ஆகியோரின் கூலியைப் பற்றி யார் பேசினார்கள்?

சினிமா கூடுமா, கூடாதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். உழைத்துண்ணும் குடும்பங்களின் அடுப்பைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

ஐதராபாத் அருகே 1996-இல் தொடங்கப்பட்ட ராமோஜி திரைப்பட நகரில் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு அரங்குகள் எழுகின்றன. படப்பிடிப்புத் தளமும் தங்குமிடமும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. நடிகர் விமானத்தில் சென்று திரும்பிவிடுவார். இங்குள்ள தச்சருக்கோ அன்றைய கூலி போய்விடும். எனவேதான் தமிழகத்திலேயே படமெடுக்க உதவுமாறு, திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ‘பெப்சி’யின் தலைவர் ஆர்.கே. செல்வமணி 2022-இல் முன்னணி நடிகர்களை வேண்டினார்.

பூந்தமல்லி அருகே நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. நல்லதே. அத்துடன் நெய்வேலி போன்ற ஊர்களில் அனுமதி எளிதாகக் கிடைக்க வேண்டும். உள்ளூர்க் கரங்களுக்கும் வேலை தரப்பட வேண்டும். சுரங்கம் இடம்பெயராது; படப்பிடிப்போ ஒரே இரவில் பெயர்ந்துவிடும். சிந்திப்பீர்களா?