புல்மோட்டை மணலும் யாழ்ப்பாணத்து வெய்யிலும்

எரிபொருள் இன்மையின் துன்பம் யாதென்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் போத்தல் விளக்கின் ஒளியில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை இன்றும் நம்மிடையே உள்ளது. 2022இல் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி நாடு முழுவதுமே எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கிற் காத்து நின்றது. காரணங்கள் வேறு. எனினும் பாடம் ஒன்றே: பிறர் அனுப்பும் கப்பலை நம்பி அடுப்பெரிப்பவனுக்கு நிம்மதி இல்லை.

இந்த நிலைமையிலேயே ஐதரசன் பற்றிய ஆய்வுகள் நமது கவனத்துக்குரியவையாகின்றன. ஒரு கிலோகிராம் ஐதரசனில் மூன்றரை லீற்றருக்கும் சற்று அதிகமான பெற்றோலுக்கு நிகரான சக்தி உண்டு. அது எரியும்போது கரியமிலவாயு வெளிவருவதில்லை, நீரே மிஞ்சுகின்றது. ஆயினும், இன்று உலகில் உற்பத்தியாகும் ஐதரசனின் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகின்றது. நீரைப் பிரித்து ஐதரசன் பெறுவதே தூய வழி. அதற்குச் சக்தியும் வேண்டும். அச்சக்தி வீணாகாதபடி தாக்கத்தை விரைவுபடுத்தும் ஊக்கியும் வேண்டும்.

இவ்வகையிற் சிறந்த ஊக்கி பிளாற்றினம். அதன் விலையோ மிக அதிகம். ஊக்கியின் தொழில் அதன் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், உள்ளே அடைபட்டுக் கிடக்கும் உலோகத்தினாற் பயனில்லை. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனத்துண்டின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. அதனையே பத்து நனோமீற்றர் பக்கமுள்ள துணிக்கைகளாகப் பிரித்தால், மேற்பரப்பு 600 சதுர மீற்றராகப் பெருகும். நமது கணக்கிற் கூறுவதாயின், உள்ளங்கையில் அடங்கும் உலோகம் இரண்டு பரப்புக் காணிக்கும் மேலாக விரிகின்றது. நனோ துணிக்கைகளின் சிறப்பு முதன்மையாக இதுவேயாகும்.

மின்சாரமின்றிச் சூரிய ஒளியைக் கொண்டே நீரைப் பிரிக்கும் முயற்சியும் உண்டு. 1972இல் ஜப்பானிய அறிஞர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும், தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயின்மீது ஒளி விழும்போது நீர் பிரிவதை வெளியிட்டனர். ஒளி பட்டதும் அப்பொருளில் இலத்திரன்கள் விடுபடுகின்றன. ஆனால், துலாவினால் இறைத்த நீர் வாய்க்காலின்றி மீண்டும் கிணற்றுக்குள்ளேயே வடிவதுபோல, அவை விரைவில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. மேற்பரப்பிற் பதிக்கப்படும் உலோக நனோ துணிக்கைகளே அந்த வாய்க்கால். அவை இலத்திரன்களைப் பற்றி, நீரிலுள்ள ஐதரசன் அயன்களுக்குக் கையளிக்கின்றன.

இத்துறையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டென்பது பலரும் அறியாத செய்தி. அதன் ஆய்வாளர்கள் மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, விலையுயர்ந்த பிளாற்றினத்துக்குப் பதிலாக மலிவான உலோகங்களின் சல்பைட்டுகளைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுடன் சேர்த்து ஐதரசன் பெறும் ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். கோபாற்று சல்பைட்டு பற்றிய கட்டுரை 2019இலும், வெள்ளீய சல்பைட்டு பற்றியது 2021இலும் வெளிவந்தன.

மிகைப்படுத்தலும் தவறாகும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஏற்கும் புறஊதாக் கதிர், சூரிய ஒளியில் ஏறத்தாழ ஐந்து சதவீதமே. ஜப்பானில் 100 சதுர மீற்றர் பரப்பில் அமைத்து 2021இல் அறிவிக்கப்பட்ட சோதனைத் தொகுதியிற்கூட, ஒளிச்சக்தியில் அதிகபட்சம் 0.76 சதவீதமே ஐதரசனாகியது. மேலும் ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஒன்பது லீற்றர் தூய நீர் வேண்டும். சுண்ணக்கற் பாறைக்குள் தங்கும் மழைநீரையே நம்பி வாழும் குடாநாட்டில், உரத்தின் நைத்திரேற்று கிணறுகளைக் கெடுத்துவரும் வேளையில், நன்னீரை இதற்கு ஈடுவைக்க முடியாது. கடல்நீரோ உப்பினால் ஊக்கியையும் மின்வாயையும் அரிக்கும், குளோரீனையும் தோற்றுவிக்கும். இத்தடைகளைத் தாண்டுவதே இனிவரும் ஆய்வின் பணியாகும்.

இவ்விடத்தில் நமது கவனம் புல்மோட்டையை நோக்கித் திரும்ப வேண்டும். முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் அக்கரையோரத்தின் கனிய மணலில் தைத்தேனியம் செறிந்த இல்மனைற்றும் உருத்தைலும் உள்ளன. பல தசாப்தங்களாக அவை பிரித்தெடுக்கப்பட்ட கனிமங்களாகவே பெரும்பாலும் கப்பலேறுகின்றன. மண் நம்முடையது, அதற்குப் பெறுமதி சேர்ப்பவர் பிறர். யாழ்ப்பாணத்தின் ஆய்வுகூடமும் புல்மோட்டையின் மணலும் ஒன்றையொன்று அறியாதிருப்பது பெருங்குறையே.

இக்குறையைப் போக்க அரசு ஆய்வு நிதியை உயர்த்த வேண்டும். வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் கைகோத்துச் செயற்பட வேண்டும். மருத்துவமும் பொறியியலுமே கல்வியென எண்ணும் பெற்றோர், இரசாயனவியலும் பௌதிகவியலும் பயில விரும்பும் பிள்ளைகளைத் தடுக்கலாகாது. வெளிநாட்டிற் பட்டம் பெற்றோர் திரும்பிவந்து பணியாற்ற ஆய்வுகூடங்களும் பதவிகளும் இங்கே இருக்க வேண்டும். வெய்யிலும் மணலும் கடலும் நம்மிடம் உள்ளன. அவற்றை எரிபொருளாக்கும் அறிவையும் வெளியிலிருந்தே வாங்குவோமாயின், நாம் மீண்டும் கப்பலுக்கே காத்திருப்போம்.