கழலாத நட்டு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று வடக்கே நோக்கினால், ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் புறப்படும் நாட்களில் கடலுக்குச் செல்ல வேண்டாமென்று மீனவ கிராமங்களுக்கு அறிவிப்பு வருவது வழக்கம். அத்தினங்களில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்போர் உண்டு. தீவிலுள்ள பொறியாளர்க்கும் கரையிலுள்ள படகுக்காரர்க்கும் பொதுவான கவலை ஒன்றிருக்கிறது. அது நட்டுக் கழன்றுவிடுமோ என்னும் கவலை.

நட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறதென்று அங்கத்தினர் சிலர் நகைக்கலாம். புத்தி தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்று சொல்லும் நம்மவர்க்கு அதன் பெருமை தெரியாததன்று. முகத்துவாரத்தில் அலை புரளும் வேளையில் விசிறியைப் பிடித்திருக்கும் நட்டுப் போய்விட்டால், எஞ்சின் ஓடியும் படகு நகராது. வலை மட்டுமல்ல, ஆளும் மிஞ்சுவது சந்தேகம். விசைத்தறியும் இறைவை யந்திரமும் அதிர்பவையே. ஆகையால் நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் இது வேற்றுச் செய்தியாகாது.

இறுக்கிய போல்ட் சிறிதளவு நீண்டு, வில்லைப் போல் விறைத்து நின்று பாகங்களை நெருக்கிப் பிடிக்கிறது. பாகங்கள் பக்கவாட்டில் அசையும்போது மரைகள் வழுக்கி, நட்டுத் தானாகவே திரும்பத் தொடங்குகிறது. இதனை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனையால் நிறுவினார். நம் பட்டறைகளில் பெரிதும் நம்பப்படும் ஸ்பிரிங் வாஷர் இத்தகைய அசைவுக்கு முன் அநேகமாக நிற்பதில்லை என்பதும் அவ்வகைச் சோதனைகளில் தெரிந்தது.

இதற்கென்றே ஏற்பட்டவை லாக் நட்டுகள். ஒரு வகையில் நட்டின் தலைப்பில் நைலான் வளையம் இருக்கும். போல்ட் அதனுள் நெருங்கிப் புகுவதால், பிடிப்புத் தளர்ந்தாலும் நட்டு எளிதில் கழன்று விழாது. ஆனால் ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நைலான் உதவாது. எனவே எஞ்சினின் புகைக்குழாய் அருகே அதைப் போடுவது தவறு. அவ்விடத்திற்கு, தலைப்பைச் சற்றே நசுக்கி முழுதும் உலோகத்தால் செய்த நட்டே ஏற்றது. விமானங்களிலும் ராக்கெட்டுகளிலும் வெப்பம் மிகுந்த இடங்களுக்கு வெள்ளி முலாமிட்ட உயர் கலவை எஃகு நட்டுகளை எடுக்கிறார்கள். காட்மியம் முலாம் வெற்றிடத்தில் ஆவியாகிவிடுமாதலால் விண்வெளிக்கு அதை விலக்குகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இடமறிந்து பொருள் கொள்ளும் அந்த வழக்கம் மட்டும் வேண்டும்.

சுக்கானின் கீல் போல, போல்ட்டே சுழலக்கூடிய இடத்தில் லாக் நட்டை நம்பலாகாது. விமானப் பராமரிப்பு விதிகளும் அதைத் தடுக்கின்றன. தலையில் வெட்டுகளுள்ள நட்டைப் போட்டு, குறுக்கே பிளவு ஆணி செருகுவதே அங்கு முறை.

இனி உப்பு. 2006-ஆம் ஆண்டு மார்ச் 24-இல், பசிபிக் கடலின் குவாஜலீன் பவளத் திட்டிலுள்ள ஒரு சிறு தீவிலிருந்து அமெரிக்காவின் ஃபால்கன்-1 ராக்கெட் முதன்முறை கிளம்பியது. அரை நிமிஷத்தில் தீப்பற்றி எஞ்சின் நின்று கடலில் விழுந்தது. ஆராய்ந்தபோது, எரிபொருள் குழாயைப் பிணைத்த ஓர் அலுமினிய நட்டு உப்புக் காற்றில் அரிக்கப்பட்டு வெடித்திருந்தது தெரிந்தது. அது லாக் நட்டு அன்று. ஆயினும் பழவேற்காட்டுக் காற்றும் அதே உப்புக் காற்றுத்தானே! பளபளக்கும் மெல்லிய துத்தநாக முலாம் இங்கு நெடுங்காலம் நில்லாது. மாலிப்டினம் கலந்த 316 ரக துருவேறா எஃகு நல்லது. விலை கூடுதல்தான். அதிலும் ஓர் எச்சரிக்கை: துருவேறா எஃகு போல்ட்டில் அதே எஃகு நட்டை வேகமாக முடுக்கினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விப் பற்றிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குரிய மசையைத் தடவி மெதுவாக முடுக்குக.

போல்ட்டின் முனை நட்டைத் தாண்டி ஓரிரு மரையாவது வெளியே தெரிய வேண்டும். இல்லையேல் நைலான் அதைப் பற்றவேயில்லை என்று பொருள். கழற்றிய நட்டைச் சிக்கனம் கருதித் திரும்பப் போடுவோர் நம்மிடையே மிகுதி. சில ரூபாய்க்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கும் இச்சிக்கனத்தை நாம் சிக்கனமென ஒப்புவதற்கில்லை. உயிருக்குப் பொறுப்பான இடத்தில் ஒவ்வொரு முறையும் புதிது போடுவதே நேர்மை. மற்ற இடங்களுக்கு ஒரு சோதனை உண்டு: ஸ்பானரின்றி விரலாலேயே நட்டு முழுதும் இறங்கிவிட்டால் அதன் பூட்டும் தன்மை போயிற்று.

சங்கங்கள் வலை நூல் வாங்குவதுபோல் இவற்றையும் மொத்தமாக வாங்கி, நைலான் வகையையும் உலோக வகையையும் தனித்தனி டப்பாக்களில், அளவும் மரை இடைவெளியும் எழுதி வைக்கலாம். கடைக்காரர் கொடுப்பதைக் கேளாமல் வாங்கி வரும் நிலை அப்போது இராது.