திரைக்குள் பிள்ளைகள் – 7: பையில் ஒரு கண்கொத்திப் பாம்பு

பள்ளி வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கதையைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், பள்ளியே மடிக்கணினியைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் வழியே பிள்ளையைக் கவனிக்கும் கதை.

அமெரிக்காவில் பிலடெல்பியாவை ஒட்டிய வசதியான ஊர், லோயர் மெரியன். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 2,300 பேருக்கு ஆப்பிள் மடிக்கணினி கொடுத்தார்கள். 2009 நவம்பரில் ஒரு மாணவரைப் பள்ளியின் உதவி முதல்வர் கூப்பிட்டு, வீட்டில் தகாத காரியம் செய்வதாகக் கண்டித்தார். ஆதாரம், ஒரு புகைப்படம். கையில் இருந்தது மாத்திரை என்று பள்ளி சந்தேகித்தது. அது மிட்டாய் என்றார் மாணவர். படத்தை எடுத்ததோ அவருடைய மடிக்கணினியின் கேமராவேதான். திருடு போகும் கணினியைக் கண்டுபிடிக்க என்று போட்ட மென்பொருள், படுக்கையறையில் அவர் தூங்குவதைக்கூடப் படம் பிடித்து அனுப்பியிருந்தது. 2010-ல் வழக்கு வந்தது. பல்லாயிரம் படங்கள் வெளிவந்தன. 6,10,000 டாலருக்கு ஒத்துக்கொண்டு வழக்குகளை முடித்தது பள்ளி நிர்வாகம்.

இன்று அந்தக் கேமராகூட வேண்டியதில்லை. கேகிள், கோகார்டியன், செக்யூர்லி போன்ற நிறுவனங்கள், பள்ளிக் கணக்கில் மாணவர் எழுதுவதையும் தேடுவதையும் இரவு பகலாக அலசுகின்றன. தற்கொலை, போதை, துப்பாக்கி என்று ஏதாவது தட்டுப்பட்டால் பள்ளிக்குத் தகவல் போகும். ஆபத்து பெரிது என்று பட்டால் நடுராத்திரியில் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டுவதும் உண்டு. அரசின் இணையக் கட்டணச் சலுகை வேண்டும் என்றால் மாணவரின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்று 2000-லேயே சட்டம் வந்துவிட்டது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பள்ளிக் கணினி போனதும் இந்த வியாபாரம் சூடுபிடித்தது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கம். பெரும்பாலான மாநிலங்கள் அந்தக் கணக்கை எட்டவில்லை. ஆள் இல்லாத இடத்தில் மென்பொருள் வந்து உட்கார்ந்தது. அது கொடுத்த தகவலால் சரியான நேரத்தில் உதவி கிடைத்த பிள்ளைகள் இருப்பதாகப் பள்ளிகள் சொல்கின்றன. அதைத் தள்ளிவிட வேண்டாம். விலையையும் சேர்த்துப் பார்ப்போம்.

கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், புகைப்பட வகுப்பு மாணவர்களின் படங்களை நிர்வாணப் படங்கள் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. படங்கள் தானாக அழிந்தன. மாணவர்களுக்கு முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. வேறு பிரதி வைத்திருந்தவர்கள் காட்டிய பிறகுதான் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்த ஊரில் 10 மாதங்களில் வந்த சுமார் 1,200 எச்சரிக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றுமில்லாதவை என்று பள்ளி அதிகாரிகளே ஒதுக்கியதாக, 2025-ல் ஏ.பி. செய்தி நிறுவனம் எழுதியது.

வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் நடந்தது இன்னும் மோசம். கண்காணிப்பு பற்றிப் பத்திரிகையாளர்கள் ஆவணம் கேட்டார்கள். பள்ளி நிர்வாகம் கைதவறி, பெயரைக்கூட மறைக்காமல் மாணவர்களின் சுமார் 3,500 ஆவணங்களைக் கொடுத்துவிட்டது. மனச்சோர்வு, காதல் தோல்வி, தற்கொலை எண்ணம், கவிதைகள், கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகள் என எல்லாம் அதில் இருந்தன. இணைப்பு கிடைத்த எவரும் அவற்றின் திரைப்படிவங்களைத் திறக்கலாம், கடவுச்சொல் கிடையாது. பிள்ளையைக் காப்பாற்றச் சேர்த்த குறிப்பே பிள்ளைக்கு வினையாகிவிட்டது.

மனசில் உள்ளதைச் சொல்ல பிள்ளைக்குத் தைரியம் வருவது, கேட்பவர் யார், கேட்டதை என்ன செய்வார் என்று தெரிந்தால்தான். எழுதுவதையெல்லாம் யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை எழுதுவதை நிறுத்தும், அல்லது பள்ளி எட்டாத போனுக்குப் போகும். அப்போது மென்பொருளும் கோட்டை விடும், ஆசிரியரும் கோட்டை விடுவார். அந்தரங்கம் மனநலத்தின் ஒரு பகுதி; அதைப் பறித்துக்கொண்டு மனநலம் பேசுவதில் அர்த்தமில்லை. கண்காணித்தே ஆக வேண்டும் என்கிற பள்ளி, எதைப் படிக்கிறோம், யார் பார்ப்பார், எப்போது அழிப்போம் என்பதைப் பிள்ளையிடமே முதலில் சொல்லட்டும். எச்சரிக்கை போய்ச் சேரும் இடம் ஆலோசகரின் மேசையாக இருக்கட்டும்.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. அதன் விதிகளோ பள்ளிகளுக்கு விலக்கு தருகின்றன. அந்த விலக்கு எதுவரை செல்லும்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)